அஸ்தி ஏறிய எஞ்சின்

மனைவி செத்து மூன்றாம் கிழமையாகியும் இராசலிங்கம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்ற கதை ஜெர்மனியில் எசன் நகரத்தில் தொடங்கிக் கொலோன் வரைக்கும் போய்விட்டது. சனத்துக்கும் வேறு வேலையில்லை. கல்நெஞ்சன் என்றது ஒரு பகுதி. பாவம், மனுசன் உள்ளுக்குள்ளே அழுகிறார் என்றது இன்னொரு பகுதி. இரண்டு பகுதியும் பிழை. உள்ளுக்குள்ளேயும் அவர் அழவில்லை. பல்லுப் பிடுங்கமுன் ஊசி போட்டால் கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதல்லவா, அப்படி இருந்தது அவருக்கு. சோறு வைத்தால் சாப்பிட்டார். படுங்கோ என்றால் படுத்தார். லீவு முடிய முன்னமே வேலைக்குப் போய்விட்டார்.

கலாதேவி காலமை வேலைக்குப் போகிற வழியில் டிராமுக்குள் மயங்கி விழுந்தவள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டொக்டர்மார் சொன்னார்கள். செய்தி வந்தபோது இராசலிங்கம் ஹொலண்ட் எல்லையில், சிவப்பு விளக்குக்கு முன்னால், சரக்கு ரயிலோடு நின்றுகொண்டிருந்தார். ரயிலை நடுவழியில் விட்டுவிட்டு ஓட முடியாது. மாற்றுச் சாரதி வந்து, பொறுப்புக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

ரயில் ஓட்டுவது அவருக்கு நாற்பது வயதுக்குப் பிறகு வந்த தொழில். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். எசனில் கோப்பை கழுவினார். பிறகு ரயில் பெட்டிகளைக் கொளுவிக் கழற்றும் வேலை. தனியார் கம்பனிகள் சரக்கு ரயில் விடத் தொடங்கிச் சாரதிமாருக்குத் தட்டுப்பாடு வந்த நேரம், பெடியங்களோடு பெடியனாகப் போயிருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைச் செய்து முடித்தார். டுயிஸ்பூர்க்கில் ஒரு சின்னக் கம்பனி அவரை எடுத்தது. எடுத்து, கையில் கொடுத்தது ஓர் இங்கிலாந்து டீசல் எஞ்சின்.

இங்கிலாந்து என்று வாய்க்குச் சொன்னாலும் செய்தது கனடாவில். இங்கிலாந்துச் சரக்கு ரயில்களுக்கென்று வரைந்த உருப்படி. நீராவி எஞ்சின்களைத் துரத்திவிட்டு வந்த பழைய டீசல்களை இது வந்து துரத்தியது. நிலக்கரி, கல், கொள்கலன் என்று அந்த நாட்டில் இது இழுக்காத சாமான் இல்லை. அங்கேயுள்ள பாலங்கள் ஒடுக்கம் என்பதால் கூரையைக் குனித்துக் கட்டியிருந்தார்கள். ஜெர்மன் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தம்பியின் சட்டையைப் போட்ட அண்ணன் மாதிரி நிற்கும். சத்தமென்றால் சொல்லி வேலையில்லை. கோடையில் உள்ளே இருந்தால் அவிந்து போகலாம். அதைத் திட்டாத சாரதி கிடையாது.

ஆனாலும் கம்பனி அதை விடவில்லை. காரணம் எல்லை. ஜெர்மனியில் மேலே கம்பியில் ஓடுகிற மின்சாரம் வேறு, ஹொலண்டில் ஓடுகிறது வேறு. மின்சார எஞ்சின் என்றால் எல்லையில் நின்று மாற்றவேண்டும். டீசலுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. கம்பியை ஏறெடுத்தும் பாராமல், நேரே றோட்டர்டாம் துறைமுகத்துக் கடற்கரை வரைக்கும் போய்விடும். அதுதான் அதன் வேலை. இராசலிங்கத்தின் வேலையும் அதுதான்.

இனி அஸ்தியின் கதைக்கு வருவோம். ஜெர்மன் சட்டத்துக்குச் சாம்பல் சேமக்காலைக்குள், அதாவது இடுகாட்டுக்குள், இருக்கவேண்டும். வீட்டில் வைக்கவோ ஆற்றில் கரைக்கவோ விடமாட்டான். அதனால் எங்கள் சனம் சில பேர் செய்கிற மாதிரி, கலாதேவியையும் எல்லைக்கு அப்பால் ஹொலண்டில் கொண்டுபோய் எரித்தார்கள். மகன் கார்த்திகன் கொள்ளி வைத்தான். சமயக் காரணம் சொல்லி மன்றாடி, சாம்பலை வேளைக்கே கையில் வாங்கினார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு ஒரு சனிக்கிழமையில் வந்தது. அன்றைக்கு ஐயரையும் கூட்டிக்கொண்டு ஹொலண்ட் கடற்கரைக்குப் போய், கார்த்திகன் கையால் கடலில் கரைப்பது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் அஸ்தியை எங்கே வைப்பது?

வீட்டுக்குள்ளே எடுக்கக் கூடாது என்று நின்றவர் இரத்தினம் அண்ணை. கலாதேவிக்குத் தூரத்துச் சொந்தம், கொலோன் சங்கத்தில் பெரிய ஆள், இந்தப் பகுதியில் எந்தச் செத்தவீடும் அவர் இல்லாமல் நடக்காது. அஸ்தி வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாதாம். கார்த்திகனின் வீடும் வீடுதான். பல்கணியில் வைத்தால் பக்கத்து வீட்டுக் கிழவி பொலிசுக்குப் போன் அடிப்பாள். கோயில் பக்கமோ செத்தவீட்டுத் துடக்கோடு போகேலாது. இரத்தினம் அண்ணையின் வளவுக்குள்ளே ஒரு மரக்கொட்டில் இருந்தது. அதைக் கேட்டபோது, மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிற நேரம் என்று மனுசன் மெல்லக் கழன்றுவிட்டார்.

இராசலிங்கம் அந்தப் பேச்சில் வாய் திறந்தது ஒரே ஒருக்கால்.

"என்னட்ட ஒரு இடம் இருக்கு அண்ணை. நான் பாக்கிறன்."

எந்த இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பொறுப்பு வந்துவிடுமே! ஆளுக்காள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார்கள்.

அவர் அதை எஞ்சினுக்குள் வைத்தார். வீடுமில்லை, ஜெர்மன்காரனின் மண்ணுமில்லை, கடலுக்குப் போகிற வண்டி. யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கம்பனியில் அந்த எஞ்சினை ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசி நாள் அவர்தான். எஞ்சினின் இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு சாரதி அறை. பின்பக்க அறையில், இருக்கைக்குப் பின்னால், துணி கொளுவுகிற சின்ன அலுமாரி ஒன்றிருந்தது. கலாதேவியின் பெயரும் ஓர் இலக்கமும் மூடியில் பொறித்த அந்த இரும்பு டப்பாவை, தன் மஞ்சள் வேலைச்சட்டையால் சுற்றி, ஆடாமல் அசையாமல் அதற்குள் செருகி வைத்தார்.

போகும்போது அவர் முன்னால், அவள் பின்னால். றோட்டர்டாமில் எஞ்சின் மறுபக்கம் போய்க் கொளுவும். திரும்பி வரும்போது அவள் இருக்கிற அறையில் இவர் இருந்து ஓட்டுவார். பாசப்பட்டு ஏதும் கதைத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஒன்றுமில்லை. தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி அலுமாரியைத் திறந்து மஞ்சள் துணியைப் பார்ப்பார், மூடுவார். பிறகு எஞ்சின் அதிரத் தொடங்கும். கால், கை, பல்லு, மண்டை எல்லாம் சேர்ந்து அதிரும். அந்த அதிர்வுக்குள் இருக்கும்போது தன் உடம்பு தன்னுடையது மாதிரி இல்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

அந்தியேட்டிக்கு முந்திய கிழமை அவருக்கு நாலைந்து நாள் ஓய்வு வந்தது. ஓய்வு முடிந்து திங்கட்கிழமை யார்ட்டுக்குப் போனார். எஞ்சின் நிற்கிற இடத்தில் வேறொன்று நின்றது. புத்தம்புது மின்சார எஞ்சின், வெள்ளிக் கலர், இரண்டு நாட்டு மின்சாரத்திலும் ஓடக்கூடியது. எல்லையில் அதற்கு ஒரு மாற்றமும் தேவையில்லை. வேலை பிரித்துக் கொடுக்கிற அன்ரனிற்றா அலுவலக ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். இனிக் காது செவிடாகாது, உனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றாள். டீசலின் குத்தகை முடிந்து, வெள்ளிக்கிழமையே ஹொலண்டுக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டதாம்.

அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லையே! தலையை ஆட்டினார். புது எஞ்சினில் ஏறினார். ரயிலைக் கொளுவிக்கொண்டு வெளிக்கிட்டார். இந்த மனுசனை என்னவென்று சொல்வது.

ஓபர்ஹவுசன் தாண்டும்வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் ஏதோ பிழையாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது. கை அதிரவில்லை. இருக்கை அதிரவில்லை. கதவைச் சாத்தின அறை மாதிரி அந்த எஞ்சின் அமைதியாக ஓடியது. அந்த அமைதிக்குள் ஒருவர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. யாரென்று பார்த்தால் அது அவர்தான். அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது, அவளைத் தொலைத்துவிட்டேன் என்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் உணர்ந்த முதல் சங்கதி அந்தப் பயம்.

எல்லையில் சிவப்பு விளக்குக்கு நின்ற நேரம் அன்ரனிற்றாவுக்குப் போன் எடுத்தார். பழைய எஞ்சினுக்குள் ஒரு சாமான் விட்டுவிட்டேன் என்றார். என்ன சாமான் என்று கேட்டாள். ஓர் இரும்பு டப்பா. தேத்தண்ணிப் போத்தலா? ஓம், அப்படித்தான் என்றார். வேறென்ன சொல்வது? மனுசியின் சாம்பலைக் கம்பனி எஞ்சினுக்குள் ஒளித்து வைத்தேன் என்றா? வேலையும் போகும், பொலிசும் வரும். அவள் ஹொலண்ட் பட்டறையின் இலக்கத்தைக் கொடுத்தாள். பட்டறைக்காரன், எஞ்சினைத் துடைத்து வெளியில் நிறுத்தியாகிவிட்டது, அலுமாரிகள் வெறுமை என்றான். உள்ளே கிடந்ததெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும், வேண்டுமென்றால் அதைக் கொண்டுவந்து விட்ட சாரதி ஹெங்கைக் கேட்டுப் பார் என்று இலக்கத்தைத் தந்தான். ஹெங்க் லீவில். வெள்ளிக்கிழமை வரைக்கும் போனை நிறுத்தி வைத்திருப்பானாம்.

குப்பை என்ற சொல்லை அவர் றோட்டர்டாம் வரைக்கும் கொண்டுபோய், திரும்ப எசன் வரைக்கும் கொண்டுவந்தார்.

புதன்கிழமை பின்னேரம் கார்த்திகன் அந்தியேட்டிச் சாமான்கள் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கொலோனில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. எதையும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை, தாயைப்போல. அப்பா, அஸ்தியை வெள்ளிக்கிழமை எடுத்துத் தாங்கோ, காரில் வைக்கவேண்டும் என்றான். இராசலிங்கம் கதிரையில் இருந்தபடி நடந்ததைச் சொன்னார். வானிலை சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் பெடியனுக்குத் தாங்க முடியாமற் போயிற்று.

"அம்மாவை எஞ்சினுக்குள்ள வைச்சனீங்களா? அப்பா, உங்களுக்கு மனசில ஒண்டுமே செய்யேல்லையா?"

"வேற இடம் இருக்கேல்ல தம்பி."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே. நான் கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சிருப்பன். எவன் என்ன சொன்னாலும் வைச்சிருப்பன்."

பெடியன் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். அழுகிற சத்தம் கேட்டது. எழும்பிப் போய்த் தோளில் கை வைக்கவேண்டும் என்று அவருக்கு விளங்கியது. காலும் இருந்தது, கையும் இருந்தது, எழும்பத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கார்த்திகனோடு இரத்தினம் அண்ணை வந்துவிட்டார். கார்த்திகன் சொல்லியிருக்கிறான். மனுசன் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, இதுவெல்லாம் வெளியில் தெரிந்தால் சங்கத்துக்கே வெட்கம் என்று தொடங்கினார். அதற்குப் பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். ஐயர் வருகிறார், சனம் கார் பிடித்து வருகுது, இனி நிற்பாட்ட முடியாது. கோயிலில் ஓமம் வளர்த்த சாம்பல் கிடக்கும், அதில் கொஞ்சம் ஒரு முட்டியில் போட்டு வெள்ளைத் துணி கட்டினால் ஆர் திறந்து பார்க்கப் போகினம்? சாம்பல் சாம்பல்தானே.

கார்த்திகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேரும் இராசலிங்கத்தைப் பார்த்தார்கள். எதற்கும் தலையாட்டுகிற மனுசன், இதற்கும் ஆட்டிவிட்டால் காரியம் முடிந்தது.

"ஏலாது," என்றார் இராசலிங்கம்.

இரத்தினம் அண்ணை திரும்பவும் ஐயர், சனம், கார் என்று தொடங்கினார்.

"ஏலாது அண்ணை. அவ இல்லாட்டி இல்லையெண்டு ஐயரிட்ட நான் சொல்லுறன். எல்லாருக்கும் முன்னால நான் சொல்லுறன். வேற சாம்பலை அவவெண்டு சொல்லேலாது."

சொல்லிவிட்டு மேசையில் கிடந்த போனை எடுத்து ஹெங்கின் இலக்கத்தை அழுத்தினார். இரண்டு பேரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். இந்தமுறை மணி அடித்தது. முதலில் குரல் ஒன்று ஹொலண்டு மொழியில் ஏதோ சொல்லியது. இவர் ஜெர்மனில் தன் பெயரைச் சொன்னார், கம்பனியைச் சொன்னார், எஞ்சினின் இலக்கத்தைச் சொன்னார். பின்பக்க அறை அலுமாரியில் ஓர் இரும்பு டப்பா என்றார்.

பிறகு ஹெங்க், தனக்கு வந்த உடைந்த ஜெர்மனில், அது உங்கள் மனைவியா என்று கேட்டான்.

"ஓம்," என்றார் இராசலிங்கம். ஜெர்மனில் சொல்ல மறந்துபோனார். ஆனாலும் அவனுக்கு விளங்கியது.

ஹெங்க் நடந்ததைச் சொன்னான். எஞ்சினைத் துப்புரவாக்கி ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் சட்டையை விரித்ததும் மூடியைப் பார்த்து என்னவென்று தெரிந்துகொண்டானாம். பட்டறையில் கேட்டான். யாருடையதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எத்தனையோ கம்பனியில், எத்தனையோ நாட்டில் ஓடின எஞ்சின் அது. மேலாளர் குப்பைத் தொட்டியைக் காட்டினார். ஹெங்குக்கு அதற்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வரவில்லையாம். இரத்தினம் அண்ணை அதைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"இந்த எஞ்சின் எப்போதும் கடலுக்குத்தானே வந்தது," என்றான் ஹெங்க். "கடலுக்குக் கொண்டுபோகத்தான் யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். தண்டவாளம் முடிகிற இடத்துக்கு அப்பால் மணல் இருக்கிறது. என் அப்பா அந்தத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். அவரையும் அங்கேதான் விட்டோம். நான் அங்கே நடந்துபோய், தண்ணிக்குள் இறங்கி, விட்டேன். பிழை செய்துவிட்டேனா?"

கொள்ளி வைத்த மகன் இருக்க, ஐயர் இருக்க, ஒரு வெள்ளைக்காரன், மந்திரமுமில்லாமல் தந்திரமுமில்லாமல். இரத்தினம் அண்ணையின் வாய் திறந்து மூடியது. கார்த்திகன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிழையில்லை என்று இராசலிங்கம் சொன்னார். பெரிய உதவி என்றார். டப்பா தன்னிடம் இருக்கிறது, நாளைக்கு வந்தால் அந்த இடத்தைக் காட்டுகிறேன் என்றான் ஹெங்க். வருவோம் என்று கார்த்திகன் குறுக்கே சொன்னான். அதோடு கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் ஹெங்க் போனை வைக்கவில்லை. ஏதோ மனதை அரிக்கிற மாதிரித் தயங்கினான்.

"ஒன்றும் சொல்லாமல் ஓர் ஆளைத் தண்ணிக்குள் விடக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்கு உங்கள் பிரார்த்தனை தெரியாது. மூடியில் இருந்த பெயரைத்தான் வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன். பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். அதை எப்படிச் சொல்வது?"

இராசலிங்கம் வாயைத் திறந்தார். வரவில்லை.

அவருக்கு அந்தப் பெயர் சொல்லிப் பழக்கமில்லை. கட்டின நாளிலிருந்து அவள் அவருக்கு ‘இஞ்சாரும்’, அவர் அவளுக்கு ‘இஞ்சாருங்கோ’. பிள்ளை பிறந்த பிறகு ‘தம்பியின்ர அம்மா’. அலுவலகங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்றால் எழுதிக் கொடுத்திருக்கிறார். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எங்கள் பகுதியில் அந்த வயது ஆம்பிளைகள் எவன் கூப்பிட்டான்? மூடின முகத்துக்கு முன்னால் நின்றபோதும்கூட, எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தவர்.

"கலா," என்றார். "கலாதேவி."

"கலாடேஃபி," என்றது போன்.

"இல்லை. தே. தேவி. கலாதேவி."

"கலா... தேவி."

"கலாதேவி," என்றார் இராசலிங்கம். அவன் சரியாகச் சொன்ன பிறகும் சொன்னார். மேசையைப் பிடித்துக்கொண்டு, போனைப் பாராமல், திரும்பவும் திரும்பவும் சொன்னார். "கலாதேவி. இஞ்சாரும் கலாதேவி." குரல் உடைந்து, உடம்பு முழுக்கக் குலுங்கத் தொடங்கியது. ஐம்பத்தாறு வயது மனுசன் வாய்விட்டுக் குளறி அழுதார். இரத்தினம் அண்ணை பல்கணிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றுவிட்டார்.

கார்த்திகன் ஒரு கையால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனை எடுத்தான். ஹெங்க் இன்னும் அங்கேதான் இருந்தான். பாடமாக்குகிற பிள்ளைபோல அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சரியா என்று கேட்டான்.

சரி என்றான் கார்த்திகன். நாளைக்கு அந்த இடத்தில் நீங்களும் எங்களோடு நின்று ஒருக்கால் சொல்லுங்கோ என்றான்.